மேலே போன வரி எங்கே போச்சு?

"அக்கா, மேலே போன வரி எங்கே போச்சு?"

பினாங்கு பாயான் லெப்பாசில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு வந்திருந்த பாலிடெக்னிக் தம்பி ஒருவன் கேட்ட கேள்வி. எங்கள் கூடத்தில் சிப் சோதிக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சிப்புக்கும் இயந்திரம் ஒரு வரி எழுதும்: எண், நேரம், பாஸ் அல்லது ஃபெயில். அந்த வரிகளை டெர்மினலில் (கமாண்ட் தட்டும் எழுத்துத் திரை) ஒரு கட்டத்துக்குள் ஓடவிடும் சின்ன புரோகிராம் ஒன்றைப் பைத்தான் மொழியில் எழுதச் சொல்லியிருந்தேன். இரண்டே நாளில் எழுதிவிட்டான். சுற்றிலும் கோடு, மேலே தலைப்பு, உள்ளே வரிகள் ஓட்டம். பார்க்க நன்றாகவே இருந்தது. திடீரென்று சிவப்பில் ஒரு ஃபெயில் வந்தது. என்ன ஏது என்று படிப்பதற்குள் அது மேலே ஏறி மறைந்துவிட்டது. மவுஸ் சக்கரத்தை உருட்டிப் பார்த்தான். வரவில்லை. பேஜ் அப் தட்டினான். அசையவில்லை. அப்போதுதான் இந்தக் கேள்வி.

டெர்மினலில் புரோகிராம் எழுதத் தொடங்கும் எல்லாரும் ஒருநாள் இந்த இடத்தில் வந்து முட்டுவார்கள். நானும் முட்டியிருக்கிறேன். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அந்த வரி அழிந்துவிட்டது. அவ்வளவுதான் பதில். திரைக்கு ஞாபகம் கிடையாது. இப்போது கண்ணில் படுவதை மட்டும்தான் அது வைத்திருக்கும். பழைய வரி திரும்ப வேண்டுமென்றால் யாராவது அதை எடுத்து வைத்திருக்க வேண்டும். யார் எடுத்து வைப்பது என்பதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

அவன் விடவில்லை. "பிறகு சாதாரணமா கமாண்ட் அடிக்கும்போது மட்டும் சக்கரத்தை உருட்டினா பழசெல்லாம் வருதே?"

நல்ல கேள்வி. அதற்குக் காகிதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

காகிதம்

திரை வருவதற்கு முன்னால் கணினியோடு பேச டெலிடைப் இருந்தது. தட்டச்சு இயந்திரம் போல ஒன்று, பின்னால் ஒரு காகிதச் சுருள். 1963இல் வந்த டெலிடைப் மாடல் 33 விநாடிக்கு 10 எழுத்து அடிக்கும். கணினி ஒரு வரி அனுப்பினால் அடித்துவிட்டுக் காகிதத்தை ஒரு வரி மேலே தள்ளும். பழைய வரியைப் பார்க்க வேண்டுமா, இயந்திரத்துக்குப் பின்னால் மடிந்து கிடக்கும் காகிதத்தை இழுத்துப் பார்க்க வேண்டியதுதான். யூனிக்ஸ் குடும்பத்து இயந்திரங்களில் இன்றைக்கும் டெர்மினலுக்கு டிடிஒய் என்றுதான் பெயர். டெலிடைப் என்பதன் சுருக்கம்.

பிறகு கண்ணாடித் திரை வந்தது. ஆரம்பகாலத் திரைகளைக் கண்ணாடி டெலிடைப் என்றே கேலியாகச் சொன்னார்கள். டெலிடைப் செய்ததையேதான் அவையும் செய்தன. ஒரே வித்தியாசம், பின்னால் காகிதக் குவியல் இல்லை. மேலே போனது போனதுதான்.

இன்றைக்கு நாம் திறக்கும் டெர்மினல் விண்டோ அந்தக் காகிதக் குவியலைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. மேலே போகும் வரிகளை அது தன் ஞாபகத்தில் அடுக்கி வைக்கிறது. சக்கரத்தை உருட்டினால் அந்த அடுக்கைக் காட்டுகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: இது டெர்மினலின் ஞாபகம். உள்ளே ஓடும் புரோகிராமுக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீங்கள் மேலே உருட்டிப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதும் அதற்குத் தெரியாது.

முழுத்திரையையும் எடுத்துக்கொள்ளும் புரோகிராம்கள் இந்தக் காகிதத்தில் எழுதுவதில்லை. விம் என்ற எடிட்டர், கோப்பைப் படிக்க உதவும் லெஸ் போன்றவை திறந்ததும் முதல் வேலையாக டெர்மினலிடம் "எனக்கு வேறொரு திரை கொடு" என்று கேட்கின்றன. எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் புரோகிராமில் வந்து இப்போது பெரும்பாலான டெர்மினல்கள் புரிந்துகொள்ளும் 1049 என்ற குறியீட்டு எண் இதற்காகத்தான். அந்த இரண்டாவது திரை வெறும் பலகை. எழுதலாம், அழிக்கலாம், பின்னால் குவியல் கிடையாது. புரோகிராமை மூடியதும் பலகை போய், பழைய காகிதம் விட்ட இடத்தில் திரும்ப வரும். விம்மை மூடியதும் நீங்கள் கடைசியாக அடித்த கமாண்ட் அப்படியே கண்முன் நிற்கிறதல்லவா, அது இதனால்தான்.

தம்பி எழுதியது டெர்மினலில் விண்டோ வரைய உதவும் கர்சஸ் என்ற லைப்ரரியை வைத்து. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கென் அர்னால்ட் எழுதியது. இன்று லினக்சில் நாம் பயன்படுத்துவது அதன் வாரிசான என்கர்சஸ். அதுவும் தொடங்கியதும் இரண்டாவது திரைக்குத்தான் போகும். ஆக டெர்மினலின் ஞாபகம் அவனுக்குக் கிடைக்காது. கர்சசில் அவன் உருவாக்கிய விண்டோவுக்காவது ஞாபகம் உண்டா? 20 வரி உயரம், 78 எழுத்து அகலம் என்று கேட்டான். 20 பெருக்கல் 78, மொத்தம் 1560 எழுத்துக் கட்டங்கள். அதற்கு மேல் ஒரு எழுத்துக்கும் அதில் இடமில்லை. 21ஆவது வரி வந்தால் முதல் வரி தூக்கியெறியப்படும்.

அதுகூடச் சும்மா நடக்காது. ஸ்க்ரோல்ஓகே என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டு அனுமதி கொடுத்தால்தான் விண்டோ நகரும். கொடுக்காவிட்டால் கடைசிக் கட்டத்தில் எழுதப் போகும்போது பைத்தான் பிழை என்று கத்தும். வலது கீழ் மூலைக்கு வந்து எழுத்தைப் போட்டபின் கர்சர் போக இடமில்லாமல் திணறுவதுதான் காரணம். எழுத்து விழுந்துவிடும், அதற்குப் பிறகு பிழை வரும். முதல்முறை பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும்.

அட்டையில் ஒரு ஓட்டை

அவனைக் கணினியை விட்டு எழுந்து வரச் சொன்னேன். பேன்ட்ரியில் ஒரு பழைய மக்கள் ஓசை கிடந்தது. பிஸ்கட் பெட்டி அட்டையில் கத்தியால் நீள்சதுரமாக ஓர் ஓட்டை வெட்டி நாளிதழ்மேல் வைத்தேன். ஓட்டை வழியாக ஆறேழு வரிதான் தெரிந்தது.

"கீழே என்ன இருக்குன்னு பார்க்கணும். என்ன செய்வே?"

அட்டையைக் கீழே இழுத்தான். சரி. நாளிதழ் அசையவில்லை. அச்சான செய்தி அங்கேயேதான் இருக்கிறது. ஓட்டைக்குள் மட்டும் பார்த்தால் எழுத்தெல்லாம் மேலே போவது போல இருக்கும்.

டெர்மினலில் ஸ்க்ரோல் ஆகும் விண்டோ என்பது இதுதான். வரிகள் எல்லாம் ஒரு பட்டியலில் பத்திரமாக இருக்கும். திரையில் தெரியும் கட்டம் அட்டையின் ஓட்டை. அட்டை எங்கே நிற்கிறது என்று சொல்ல ஒரே ஓர் எண் போதும்: ஓட்டையில் முதலில் தெரிவது பட்டியலின் எத்தனையாவது வரி? அந்த எண்ணை எங்கள் புரோகிராமில் "தலை" என்று வைத்துக்கொண்டோம். கீழ் அம்புக்குறியைத் தட்டினால் தலையோடு ஒன்று கூட்டு, கட்டத்தை அழி, தலையிலிருந்து 20 வரி எழுது. மேல் அம்புக்குறிக்கு ஒன்று கழி. ஸ்க்ரோல் முடிந்தது. எந்த எழுத்தையும் யாரும் நகர்த்தவில்லை, ஓர் எண்தான் மாறியது.

இடையில் ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும். கீழே போகிறோமா, மேலே போகிறோமா? அம்புக்குறி அட்டையை நகர்த்துகிறது. கைபேசியில் நம் விரல் காகிதத்தை நகர்த்துகிறது. அதனால்தான் இரண்டும் எதிரெதிர்த் திசை. 2011இல் ஆப்பிள் தன் மேக் ஓஎஸ் எக்ஸ் லயனில் கணினியிலும் விரல் பழக்கத்தையே கொண்டுவந்தபோது பாதிப் பேர் முதல் வேலையாக அதை அணைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நான் அணைத்தேன்.

சரி, கணக்குக்கு வருவோம். தலை எதுவரை போகலாம்? பட்டியலில் 53 வரி, கட்டத்தின் உயரம் 20. வரிகளை 0 முதல் எண்ணினால் கடைசி வரி 52. கட்டம் கடைசிப் பக்கத்தைக் காட்டும்போது மேலே 33ஆம் வரி, கீழே 52ஆம் வரி. ஆகவே தலையின் உச்சம் 53இல் 20 போக 33. அதற்கு மேல் விட்டால் கட்டத்தின் அடியில் வெற்றிடம் தெரியும். 0க்குக் கீழேயும் விடக்கூடாது.

சின்னக் கணக்குதானே என்று தம்பியும் எழுதினான். மறுநாள் காலை வந்து, "அக்கா, பேய் புகுந்துருச்சு" என்றான். புதிதாக ஒரு லாட் (சிப்களின் தொகுதி) தொடங்கும்போது 12 வரிதான் வந்திருக்கும். கட்டத்திலோ 8 வரிதான் தெரிகிறது. முதல் நாலு வரியைக் காணோம். 20 வரி தாண்டியதும் எல்லாம் சரியாகிவிடுகிறது.

பேய் இல்லை. உச்சம் என்பதற்கு அவன் மொத்தம் கழித்தல் உயரம் என்று மட்டும் எழுதியிருந்தான். 12இல் 20 போனால் மைனஸ் 8. வேறு சில மொழியாக இருந்தால் பிழை காட்டி நின்றிருக்கும். பைத்தானில் பட்டியலின் மைனஸ் 8 என்றால் "கடைசியிலிருந்து எட்டாவது" என்று பொருள்! அது சொன்னபடியே கடைசி எட்டு வரியை எடுத்துக் கொடுத்தது. கழித்து வருவது 0க்குக் கீழே போனால் 0 என்று வைத்துக்கொள் என்று ஒரு வார்த்தை சேர்த்ததும் பேய் ஓடிவிட்டது. இந்தப் பிழையை நான் வேறு வேறு ஆட்களின் புரோகிராமில் பார்த்திருக்கிறேன். எல்லாரும் நிறைய வரிகளை வைத்தே சோதிப்பார்கள், குறைவான வரிகளை வைத்துச் சோதிக்க மாட்டார்கள்.

பேஜ் டவுனுக்கு எவ்வளவு கூட்டுவது? 20 என்றுதான் தோன்றும். நான் 18 வைக்கச் சொன்னேன். பழைய பக்கத்தின் கடைசி இரண்டு வரி புதிய பக்கத்தின் உச்சியில் இருந்தால் கண்ணுக்குப் பிடிமானம் இருக்கும். விஐ எடிட்டரில் கண்ட்ரோல்-எஃப் அடித்துப் பாருங்கள், அதுவும் இரண்டு வரி மிச்சம் வைக்கும்.

விண்டோவை யாராவது இழுத்துச் சின்னதாக்கினால் உயரம் மாறும், உச்சமும் மாறும். அப்போது இயங்குதளம் புரோகிராமுக்கு ஒரு சமிக்ஞை அனுப்பும். அது வந்ததும் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். இதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

கர்சசிலேயே பேட் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பயன்படுத்தினால் என்ன என்று புத்தகம் படித்தவர்கள் கேட்பார்கள். பேட் என்பது திரையைவிடப் பெரிதாக இருக்கக்கூடிய விண்டோ. 1000 வரி உயரத்தில் ஒன்று செய்து, எல்லாவற்றையும் அதில் எழுதிவிட்டு, ஆறு எண் கொடுத்தால் போதும்: பேட்டின் எந்த வரி, எந்த எழுத்திலிருந்து காட்ட வேண்டும், திரையில் எந்த மூலையிலிருந்து எந்த மூலைவரை. முதல் எண்தான் நம் "தலை". உதவிக் குறிப்பு, மெனு போன்று நீளம் முன்பே தெரிந்தவற்றுக்குப் பேட் அருமையான வசதி. லாக் (இயந்திரம் எழுதிக்கொண்டே போகும் பதிவு) விஷயத்தில் எனக்கு அது பிடிக்காது. இன்று ராத்திரி எத்தனை வரி வரும் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? பட்டியலும் ஓர் எண்ணும் போதும்.

படிக்கும்போது பிடித்து இழுக்காதே

இப்போது மேலே போய்ப் பழைய வரிகளைப் பார்க்க முடிந்தது. ஆனால் இயந்திரம் சும்மா இருக்காதே. விநாடிக்கு இரண்டு மூன்று வரி வந்துகொண்டே இருக்கிறது. தம்பியின் புரோகிராம் புது வரி வந்தபோதெல்லாம் தலையை உச்சத்துக்குக் கொண்டுபோனது. ஃபெயில் வரியைத் தேடி மேலே போனால், அரை விநாடியில் பிடரியைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு வந்துவிடும். திறன்பேசியில் குழு அரட்டையைப் படிக்கும்போது இப்படி நடந்தால் எரிச்சல் வரும் இல்லையா, அதே எரிச்சல்.

இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. புது வரியைச் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி: ஆள் இப்போது அடியில் இருக்கிறாரா, அதாவது தலை உச்சத்தில் இருக்கிறதா? இருந்தால் அவர் நேரலை பார்க்கிறார். வரியைச் சேர்த்துவிட்டுத் தலையைப் புது உச்சத்துக்குக் கொண்டு போ. இல்லையென்றால் அவர் எதையோ படிக்கிறார். வரியைச் சேர், தலையைத் தொடாதே. வரியைச் சேர்ப்பதற்கு முன்னால்தான் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். சேர்த்தபின் கேட்டால் உச்சம் ஒன்று கூடியிருக்கும், ஆள் எப்போதுமே அடியில் இல்லை என்றுதான் பதில் வரும். தம்பி இதிலும் ஒரு தேநீர் நேரத்தைத் தொலைத்தான்.

கீழே ஒரு மூலையில் "புதிது 14" என்று ஒரு குறி போட்டால் இன்னும் நல்லது. படிப்பவருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று ஒரு கண் இருக்கும்.

இதிலேயே இன்னொரு நுணுக்கம். பட்டியல் வளர்ந்துகொண்டே போனால் ராத்திரி முழுக்க ஓடும் புரோகிராம் ஞாபகத்தைத் தின்றுவிடும். அதனால் கடைசி 5000 வரியை மட்டும் வைத்திரு, பழையதைத் தூக்கிப்போடு என்று வைத்தோம். பழைய வரி ஒன்று போனதும் மற்ற எல்லா வரிகளின் எண்ணும் ஒன்று குறைகிறது. தலை மட்டும் பழைய எண்ணிலேயே நின்றால்? நீங்கள் எதையும் தொடாமலேயே, படித்துக்கொண்டிருக்கும் வரி கண்முன்னால் மெல்ல மேலே ஊர்ந்து போகும். வரி தூக்கிப்போடும்போதெல்லாம் தலையிலும் ஒன்று கழிக்க வேண்டும். இது 5000 வரி தாண்டினால்தான் வெளியே தெரியும் பிழை. சில நிமிடம் ஓட்டிச் சோதித்தால் மாட்டாது, நீண்ட நேரம் ஓடவிட்டால்தான் மாட்டும்.

நேரலை பார்ப்பது, நிறுத்தி மேலே போய்ப் படிப்பது என்ற இரண்டு வேலையையும் ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் கருவி லெஸ். அதற்கு முன்னால் 1978இல் பெர்க்லியில் டேனியல் ஹால்பர்ட் எழுதிய மோர் இருந்தது. நம் வீட்டு மோர் இல்லை. ஒவ்வொரு திரையாக நிறுத்தி நிறுத்திக் காட்டும், முன்னால் மட்டும்தான் போகும். 80களில் மார்க் நூடல்மேன் எழுதிய லெஸ் பின்னாலும் போகும். லெஸ்சில் ஒரு கோப்பைத் திறந்து பெரிய எஃப் அடித்தால் நேரலை. புது வரி வர வர ஓடும். கண்ட்ரோல்-சி அடித்தால் நின்றுவிடும், மேலே போய்ப் படிக்கலாம். திரும்பப் பெரிய எஃப். லாக் பார்க்க, கோப்பின் கடைசி வரிகளைக் காட்டும் டெயில் கமாண்டையே கட்டிக்கொண்டு அழுபவர்கள் ஒருமுறை இதை முயன்று பாருங்கள்.

இரண்டு விநாடி

ஓர் எண்ணை மாற்றிக் கட்டம் முழுவதையும் திரும்ப எழுது என்று நான் சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். இன்றைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒரு காலத்தில் அப்படியில்லை.

1978இல் டெக் நிறுவனம் கொண்டுவந்த விடி100 டெர்மினலில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து. முழுத்திரைக்கு 1920 எழுத்து. டெர்மினலும் கணினியும் ஒரு கம்பியால் பேசிக்கொண்டன. 9600 பாட் வேகக் கம்பியில் விநாடிக்கு ஏறத்தாழ 960 எழுத்து போகும். திரையை ஒருமுறை முழுதாக எழுத இரண்டு விநாடி. தொலைபேசிக் கம்பி வழியாக 1200 பாட் என்றால் 16 விநாடி. கீழ் அம்புக்குறியைத் தட்டிவிட்டுப் 16 விநாடி காத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். தே தாரேக்கு (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) சொல்லிவிட்டு வரலாம்.

அதனால் விடி100இல் ஒரு வித்தை வைத்தார்கள். 3ஆம் வரியிலிருந்து 22ஆம் வரிவரை மட்டும் நகரும் பகுதி என்று முன்கூட்டிச் சொல்லிவிடலாம். அதற்கு அனுப்ப வேண்டியது: எஸ்கேப், சதுர அடைப்பின் திறப்பு, 3, அரைப்புள்ளி, 22, சின்ன ஆர். அதன்பிறகு 22ஆம் வரியில் நின்று ஒரு புதுவரிக் குறி அனுப்பினால், அந்தப் பகுதி மட்டும் டெர்மினலுக்குள்ளேயே ஒரு வரி மேலே நகரும். மேலே தலைப்பும் கீழே நிலைவரியும் அசையாது. கணினி புதிய ஒரு வரியை அனுப்பினால் போதும். 1920 எழுத்து போக வேண்டிய இடத்தில் 80 எழுத்து.

கர்சஸ் அதற்கு மேலும் ஒரு படி போனது. திரையில் இப்போது என்ன இருக்கிறது, அடுத்து என்ன இருக்க வேண்டும் என்று இரண்டு படத்தையும் தன்னிடம் வைத்துக்கொண்டு, வித்தியாசத்தை மட்டும் அனுப்பும். நாம் கட்டத்தை முழுதாக அழித்து எழுதினாலும் கம்பியில் போவது மாறிய எழுத்துகள்தான். பில் ஜாய் எழுதிய விஐ எடிட்டரில் இருந்த கருத்தைத்தான் அர்னால்ட் தனியாக எடுத்துப் பொதுவாக்கினார்.

இந்த நகரும் பகுதியை இன்றைக்கும் பார்க்கலாம். உபுண்டு லினக்சில், மென்பொருள் நிறுவும் ஆப்ட் கமாண்டால் எதையாவது நிறுவும்போது, கடைசி வரியில் முன்னேற்றப் பட்டை அசையாமல் நிற்க, மற்ற வரிகள் அதற்கு மேலே ஓடும். நடுவில் புரோகிராம் செத்துப்போனால் பகுதி பிரித்தது பிரித்தபடி நின்று, டெர்மினல் கோணல்மாணலாக நடந்துகொள்ளும். ரீசெட் என்று அடித்தால் சரியாகும். திரை கிறுக்குப் பிடித்ததும் விண்டோவையே மூடித் திறப்பவர்களுக்கு இந்த ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுத்தால் உங்களை வாழ்த்துவார்கள்.

டெலிடைப் காலத்து மிச்சம் இன்னொன்று எங்கள் கூடத்திலேயே வேலையைக் காட்டியது. தம்பி எதையோ திருத்திவிட்டு, பழக்க தோஷத்தில், சேமிக்கக் கண்ட்ரோல்-எஸ் அடித்தான். ஆனால் விரல் அடித்தது எடிட்டரில் இல்லை, லாக் வெளியாகிக்கொண்டிருந்த சாதாரண டெர்மினலில். திரை உறைந்தது. இயந்திரம் தொங்கிவிட்டது என்று பயந்து மின் பொத்தான்வரை கையைக் கொண்டுபோய்விட்டான். நான் எட்டிக் கண்ட்ரோல்-கியூ அடித்ததும், அதுவரை தேங்கியிருந்த வரிகள் கொட்டின.

கண்ட்ரோல்-எஸ் என்றால் "கொஞ்சம் நிறுத்து", கண்ட்ரோல்-கியூ என்றால் "தொடரு". எஸ் ஆங்கில அகரவரிசையில் 19ஆவது, கியூ 17ஆவது. ஆஸ்கி அட்டவணையில் 19, 17 இரண்டும் நிறுத்தவும் தொடரவும் வைத்த கட்டுப்பாட்டு எண்கள். அன்றைக்கு எனக்குப் பதற்றம் தந்தது வேறு: உறைந்தது திரை மட்டும் என்று நினைக்கக்கூடாது. வரிகள் வெளியே போக வழியில்லாமல் இடைத்தொட்டி நிரம்பினால், எழுதிக்கொண்டிருக்கும் புரோகிராமே அந்த இடத்தில் நின்றுவிடும். நேரங்களைப் பார்த்தோம், நாலு நிமிடத்துக்கு ஒரு பதிவும் இல்லை. அதற்குப் பிறகு லாக்கைத் திரைக்கு நேராக அனுப்புவதை நிறுத்திவிட்டு, கோப்பில் எழுதி, திரையில் அதைப் படிப்பது என்று மாற்றினோம்.

தமிழ் வந்தால்

எல்லாம் ஓடத் தொடங்கியபின் தம்பிக்கு ஓர் ஆசை. ராத்திரி ஷிஃப்டில் இருக்கும் அக்காமார் குறிப்பைத் தமிழிலேயே எழுதினால் என்ன? "ஊசி தேய்ந்தது", "தட்டு மாற்றியாச்சு" என்று ஒரு பத்தி. எழுதிக் காட்டினான். வலப்பக்கக் கோடு பாம்பு போல வளைந்து நின்றது.

டெர்மினல் கணக்கில் திரை என்பது சதுரங்கப் பலகை. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஆங்கிலத்துக்கு இது சரி. தமிழுக்கு எது ஓர் எழுத்து? "வணக்கம்" நமக்கு ஐந்து எழுத்து. எழுத்துகளுக்குக் கணினி எண் தரும் யூனிகோடில் ஏழு குறியீடு: வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி. யூடிஎஃப்-8இல் கோப்பில் எழுதினால் 21 பைட். ஒரே சொல்லுக்கு மூன்று நீளம். புள்ளிக்குத் தனிக் கட்டம் வேண்டாம் என்பதில் எல்லாரும் ஒத்துப்போவதால் இந்தச் சொல் ஐந்து கட்டத்தில் அடங்கித் தப்பித்துவிடும்.

"பினாங்கு" தப்பிக்காது. நமக்கு நாலு எழுத்து. யூனிகோடுக்கு எட்டுக் குறியீடு. புள்ளியை விட்டால் ஏழு. மிச்சமுள்ள இகரக் கொக்கி, கால், உகரச் சுழி மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டா? உண்டு என்று சில லைப்ரரி ஏழு கட்டம் எண்ணும். கிடையாது என்று சில நாலு எண்ணும். எழுத்துருவோ இரண்டையும் மதிக்காமல் தன் இஷ்டத்துக்கு வரையும். மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு மென்பொருள் 1980களிலேயே கணினித் திரையில் தமிழை ஓடவிட்டது. டெர்மினலின் சதுரங்கப் பலகைக்குள் மட்டும் நம் எழுத்து இன்னும் சம்மணம் போட்டு உட்காரவில்லை.

கோடு வளைவது அழகுக் குறை, பொறுத்துக்கொள்ளலாம். ஸ்க்ரோல் செய்யும்போதுதான் உண்மையான தொல்லை. கர்சஸ் மாறியதை மட்டும் அனுப்பும் என்று சொன்னேனே. கர்சர் 40ஆம் கட்டத்தில் இருக்கிறது என்று அது நம்பிக்கொண்டிருக்க, டெர்மினல் 37இல் நின்றால், திருத்தம் தவறான இடத்தில் விழும். தலையை ஒன்று நகர்த்தினால் பழைய சொல்லின் வால் ஒன்று புதிய வரியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். "தேய்ந்ததுது" என்று ஒரு வரி வந்தது. ராத்திரி ஷிஃப்ட் அக்கா ஒருவர் அதைப் பார்த்து, "என் கை நடுங்குதுன்னு கணினிக்குமா தெரிஞ்சுபோச்சு?" என்று கேட்டாராம்.

நீளமான வரியை மடக்கும்போதும் இதே சிக்கல்தான். 78 கட்டத்துக்கு மேல் போகும் வரியை இரண்டாக மடித்தால், பட்டியலில் ஒரு வரி, திரையில் இரண்டு. அப்புறம் தலை என்பது பட்டியல் வரியா, திரை வரியா? நாங்கள் மடிப்பதை முன்பே முடித்துவிட்டு, மடித்த துண்டுகளையே பட்டியலாக வைத்துக்கொண்டோம். தமிழ்க் குறிப்பு வந்தால் எங்கே மடிப்பது என்று கணக்குப் போடவே அகலம் சரியாகத் தெரிய வேண்டும், அது தெரியாது. சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றோம்.

ஒரு வாரம் அகல அட்டவணைகளோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் தம்பியே ஒரு வழி சொன்னான். குறிப்புப் பத்தியை வரியின் கடைசிக்குத் தள்ளினோம். வலப்பக்கக் கோட்டை எடுத்துவிட்டோம். ஒவ்வொரு முறை நகரும்போதும் வித்தியாசம் பார்க்காமல் முழுத் திரையையும் புதிதாக எழுது என்று கர்சசிடம் சொல்லிவிட்டோம். 1978இல் இரண்டு விநாடி பிடித்திருக்கும் வேலை. இப்போது கண் இமைப்பதற்குள் முடிகிறது, வாலும் ஒட்டுவதில்லை.